ஷெல் ஸ்கிரிப்ட் டெர்மினல் திரையைத் தொடும்போது

ஷெல் ஸ்கிரிப்டுகளில் திரையை அழகுபடுத்தும் வரிகளைப் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுகிறோம். உண்மையான வேலையெல்லாம் சரியாக நடக்கத் தொடங்கிய பிறகு, பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்டினால் என்ன, எவ்வளவு முடிந்தது என்பதை ஒரே வரியில் ஓடவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. எங்கிருந்தோ, திரைக்குக் கட்டளையிடும் இரண்டு எஸ்கேப் தொடர்களை எடுத்து ஒட்டுகிறோம், அவையும் வேலை செய்கின்றன. ஆனால் அதே ஸ்கிரிப்டை வேறொருவர் கோப்புக்குத் திருப்பி விடும்போதோ, நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தும்போதோ, சாளரத்தின் அகலத்தைக் குறைக்கும்போதோதான், நாம் ஒட்டியது என்ன என்பது தெரியவருகிறது. எழுதிய வரிகளில் தவறு இருக்காது. அவை எந்த இடத்தில் எதை மாற்றுகின்றன என்பதைப் பற்றிய நம் புரிதலில்தான் குறை இருக்கும்.

ஸ்கிரிப்டுக்குத் திரை என்று ஒன்று கிடையாது. அதனிடம் இருப்பது பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வாயில் மட்டுமே. 27 என்ற எண்ணுடைய எஸ்கேப் எழுத்தையும் அதை அடுத்து '[31எம்' என்பதையும் அனுப்பினால், எதிர்முனையில் இருக்கும் டெர்மினல் 'இனி வருவதைச் சிவப்பில் எழுது' என்று தன் நினைவில் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு ஸ்கிரிப்டின் மாறியில் இல்லை, ஷெல்லிலும் இல்லை, டெர்மினலில் இருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட் முடிந்து அதன் ப்ராசஸ் மறைந்த பிறகும், யாராவது '[0எம்' என்று அனுப்பும் வரை சிவப்பு அப்படியே நிற்கும். நிறத்துக்குப் பொருந்தும் இந்த விதி, கர்சரை மறைப்பது, மாற்றுத் திரைக்குத் தாவுவது, வரி மடிவதை நிறுத்துவது, உருளும் பகுதியைச் சுருக்குவது ஆகிய அனைத்துக்கும் பொருந்தும். திரைக் கட்டுப்பாட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த ஒரே உண்மையிலிருந்து கிளைப்பதாகவே நான் பார்க்கிறேன்.

இந்தத் தொடர்களின் வரலாற்றைச் சற்றுத் தெரிந்துகொள்வது பயன் தரும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் டெர்மினலும் தனக்கென ஒரு கட்டளை மொழியை வைத்திருந்தது. ஒரு வரியை அழிக்க ஒன்றுக்கு ஒரு தொடர், மற்றொன்றுக்கு வேறு தொடர். அந்த வேறுபாடுகளை ஒரே கோப்பில் பட்டியலிட்டு, நிரல்கள் அதைப் பார்த்து நடந்துகொள்ளட்டும் என்ற எண்ணத்தில் விஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய் உருவாக்கியதுதான் டெர்ம்கேப். பின்னர் மார்க் ஹார்ட்டன் அதைச் சீர்செய்து டெர்மின்ஃபோவாக ஆக்கினார். இதற்கிடையில், 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினல், அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஆன்சி தரத்தைப் பின்பற்றியது. அது பரவலாகப் புழங்கியதால் அதன் வழியே எல்லோரின் வழியாகவும் ஆயிற்று. இன்று நம் கணினிகளில் இருக்கும் டெர்மினல் செயலிகள் எல்லாம், இல்லாத அந்தப் பெட்டியைப் போல நடிக்கின்றன என்று சொன்னால் பெரிதாகத் தவறில்லை.

டெர்மின்ஃபோ தரவுத்தளத்தை ஷெல்லிலிருந்து அணுகும் கதவுதான் டீபுட் கட்டளை. 'டீபுட் செட்ஏஎஃப் 1' என்றால் அது டெர்ம் என்ற சூழல் மாறியைப் பார்த்து, அந்த டெர்மினலுக்குச் சிவப்பு எப்படிச் சொல்ல வேண்டும் என்று தேடி, அந்தத் தொடரை வெளியிடும். 'டீபுட் கப் 5 10' கர்சரை நகர்த்தும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: டீபுட்டுக்கு வரிகளும் நெடுவரிசைகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன, நேரடி எஸ்கேப் தொடரிலோ ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. எனவே மேலே சொன்ன கட்டளை உண்மையில் அனுப்புவது '[6;11ஹெச்'. டெர்மின்ஃபோவில் அந்தத் திறனுக்கான வரையறையைத் திறந்து பார்த்தால், தொடக்கத்தில் சதவீதக் குறியும் ஐ எழுத்தும் இருக்கும். 'இரு எண்களோடும் ஒன்றைக் கூட்டு' என்பதே அதன் பொருள். ஒரே ஸ்கிரிப்டில் பாதி இடங்களில் டீபுட்டையும் மீதி இடங்களில் நேரடித் தொடர்களையும் கலந்து எழுதுபவர்களின் பெட்டிகள் ஒரு கட்டம் விலகி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

டீபுட்டா, நேரடித் தொடரா என்ற வாதம் முடிவில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. இன்றைய டெர்மினல்கள் அனைத்தும் ஏறத்தாழ எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் செயலியின் வழியையே பின்பற்றுவதால் நேரடித் தொடர் போதும் என்பது ஒரு தரப்பு. நிறத்துக்கும் தடித்த எழுத்துக்கும் அது உண்மைதான். ஆனால் டீபுட் தரும் நன்மை பெயர்வுத்தன்மை மட்டுமல்ல. டெர்ம் மாறியில் 'டம்ப்' என்று இருந்தால், நிறம் கேட்கும்போது டீபுட் எதையும் வெளியிடாமல் தோல்விக் குறியீட்டோடு திரும்புகிறது; ஸ்கிரிப்டும் தானாகவே நிறமின்றி எழுதுகிறது. அதோடு, இயல்பு எழுத்துக்குத் திரும்பச் சொல்லும் 'டீபுட் எஸ்ஜிஆர்0' என்ற சொல்லை ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு ஏதோ ஒரு பிடி கிடைக்கும். எண்களும் அரைப்புள்ளிகளும் மட்டும் நிறைந்த தொடரில் அதுவும் கிடைக்காது. குறை என்னவென்றால், டீபுட் ஷெல்லின் உள்ளமைந்த கட்டளை அல்ல. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய ப்ராசஸ் பிறந்து மறைகிறது. ஆயிரக்கணக்கான வரிகளை ஓட்டும் வளையத்துக்குள் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முறை அதை அழைத்தால் ஸ்கிரிப்ட் நொண்டும். ஆகவே தொடக்கத்திலேயே சிவப்பு, பச்சை, இயல்பு என்ற மாறிகளில் டீபுட்டின் விடைகளை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அந்த மாறிகளை மட்டும் பயன்படுத்துவது என் வழக்கம். நேரடித் தொடர் எழுதியே தீர வேண்டுமென்றால், எக்கோவுக்குப் பதிலாகப் பிரிண்ட்எஃப் கட்டளையையும், எஸ்கேப்புக்கு '\033' என்ற எண்ம வடிவத்தையும் கொள்ளுங்கள். எக்கோ ஒவ்வொரு ஷெல்லிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

நிறம் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எதிரே திரை இருக்கிறதா என்பது. '[ -டி 1 ]' என்ற சோதனை, முதல் வெளியீட்டு வாயில் டெர்மினலோடு இணைந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். இணையாமல், இன்னொரு கட்டளைக்கு இட்டுச்செல்லும் பைப்புக்கோ கோப்புக்கோ போகிறதென்றால் நிற மாறிகள் அனைத்தையும் காலியாக விட்டுவிட வேண்டும். மற்ற வரிகளை மாற்றத் தேவையில்லை. இந்தச் சோதனையைத் தவிர்த்த ஸ்கிரிப்டுகளின் பதிவுக் கோப்புகளைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் '^[[' என்ற முட்கள் துருத்திக்கொண்டிருக்கும், வரியின் தொடக்கத்தையோ அடுத்தடுத்த சொற்களையோ சேர்த்துக் கிரெப் கொண்டு தேடினால் சிக்காது. குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானிலிருந்து ஓடும்போது டெர்ம் மாறியே இருக்காது. அப்போது டீபுட் திரும்பத் திரும்பப் புகார் செய்யும், அந்தப் புகார் மின்னஞ்சலாக வந்து சேரும். நிறமே வேண்டாம் என்று பயனர் சொல்வதற்கும் ஒரு வழக்கம் உண்டு: 'நோ_கலர்' என்ற சூழல் மாறி காலியாக இல்லாமல் இருந்தால் நிறத்தைத் தவிர்ப்பது. அதை மதிக்கக் கூடுதலாக ஒரே ஒரு நிபந்தனை போதும்.

முன்னேற்ற வரி, சுழலும் குறி போன்ற அலங்காரங்களைப் பிழை வெளியீட்டின் வழியே அனுப்புவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. முதன்மை வெளியீடு தரவுக்கு உரியது. அதை அடுத்த கட்டளைக்குப் பைப் செய்பவர், நம் சதவீதக் கணக்கையும் சேர்த்து விழுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படி அனுப்பும்போது, வாயில் 1-க்குப் பதிலாக வாயில் 2 டெர்மினலா என்று சோதிக்க வேண்டும்.

முன்னேற்ற வரியை எழுதும் நுட்பம் எளிது: வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் '\ஆர்' எழுத்து, புதிய செய்தி, பிறகு வரியின் எஞ்சிய பகுதியை அழிக்கும் 'இஎல்'. அழிப்பதை மறந்தால், நீளமான கோப்புப் பெயருக்குப் பின் குட்டையான பெயர் வரும்போது பழைய பெயரின் வால் தொங்கிக்கொண்டிருக்கும். இதைவிடத் தொல்லையானது, செய்தி திரையின் அகலத்தைத் தாண்டுவது. அப்போது டெர்மினல் அதை அடுத்த வரிக்கு மடிக்கும். '\ஆர்' கர்சரை இரண்டாவது வரியின் தொடக்கத்துக்கு மட்டுமே கொண்டுபோகும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு வரி மேலே தள்ளப்பட்டு, திரை முழுவதும் அரைகுறைச் செய்திகள் அடுக்கடுக்காக நிறையும். செய்தியை அகலத்துக்கு ஏற்ப வெட்டலாம். அல்லது 'ஆர்எம்ஏஎம்' என்ற திறனால் வரி மடிவதைத் தற்காலிகமாக நிறுத்தி, முடிந்ததும் 'எஸ்எம்ஏஎம்' கொண்டு மீட்கலாம்.

மீட்பது என்ற சொல் வந்துவிட்டதால் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். கர்சரை மறைக்க 'சிவிஸ்', காட்ட 'சிநார்ம்'. மாற்றுத் திரைக்குள் நுழைய 'எஸ்எம்கப்', வெளியேற 'ஆர்எம்கப்'. விம், லெஸ் போன்றவை மூடியதும் முன்பிருந்த கட்டளைகள் அப்படியே திரையில் திரும்பி வருவது இந்த மாற்றுத் திரையால்தான். இவற்றை இணைகளாகத்தான் எழுதுகிறோம், ஆனால் இரண்டாவது பாதி ஸ்கிரிப்டின் கடைசி வரியில் இருந்தால் அந்த வரி இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே திரையைத் தொடும் முதல் கட்டளைக்கு முன்பே, மீட்கும் பணிகளை எல்லாம் ஒரு ஃபங்ஷனில் வைத்து, அதை, குறித்த நிகழ்வு வரும்போது ஒன்றை இயக்கும் டிராப் கட்டளையால், ஸ்கிரிப்ட் முடியும் எக்ஸிட் நிகழ்வோடு பிணைத்துவிட வேண்டும். பாஷ் என்ற ஷெல்லில், கன்ட்ரோல்-சி வந்து ஸ்கிரிப்ட் முடிந்தாலும் எக்ஸிட் டிராப் இயங்கும். டெபியனில் எஸ்ஹெச் என்ற பெயரில் இருக்கும் டாஷ் ஷெல்லில் அப்படி இல்லை. சிக்னலால் சாகும்போது அது எக்ஸிட் டிராப்பைக் கண்டுகொள்ளாது. அங்கே இன்ட் (கன்ட்ரோல்-சி), டெர்ம் (முடித்துக்கொள் என்ற கோரிக்கை, முன்பு சொன்ன சூழல் மாறி அல்ல) சிக்னல்களுக்குத் தனி டிராப் எழுதி, அதற்குள் முறையே 130, 143 என்ற குறியீடுகளோடு எக்ஸிட் செய்ய வேண்டும். அப்போது எக்ஸிட் டிராப் தானே ஓடும்.

விசைகளை ஒவ்வொன்றாக வாசிக்க எஸ்டிடிஒய் கட்டளையால், தட்டுவதைத் திரையில் காட்டும் எக்கோ வசதியை நிறுத்தும் ஸ்கிரிப்டுகளில் இன்னொரு நிலையும் சேர்கிறது. இது டெர்மினல் செயலியில் இல்லை, இயங்குதளத்தின் கருவான கெர்னலின் டிடிஒய் அடுக்கில் இருக்கிறது. ஆனால் இதுவும் ஸ்கிரிப்ட் மறைந்த பிறகு தங்கிவிடும். 'எஸ்டிடிஒய் -ஜி' என்று கேட்டால் இப்போதைய அமைப்பு முழுவதும் ஒரே சரமாகக் கிடைக்கும். அதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, போகும்போது அதே சரத்தை எஸ்டிடிஒய்க்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். 'எஸ்டிடிஒய் எக்கோ' என்று எழுதி மீட்பது, பயனர் முன்பு எப்படி வைத்திருந்தார் என்பதை நாமே ஊகிப்பதாகும்.

ப்ராசஸை உடனே கொல்லும் 'கில் -9' வந்தால் எந்த டிராப்பும் உதவாது. அப்படி ஒரு ஸ்கிரிப்ட் செத்துப்போய், தட்டுவது எதுவும் தெரியாத, கர்சரும் இல்லாத சாளரத்தை விட்டுச் சென்றால், பலர் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கிறார்கள். தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். என்டருக்கும் பலன் இல்லையென்றால், அந்த விசை அனுப்பும் எழுத்தைப் புதிய வரியாக மாற்றும் வசதியும் அணைந்திருக்கக்கூடும். அப்போது முதலில் கன்ட்ரோல்-ஜே, பிறகு 'எஸ்டிடிஒய் சேன்', மீண்டும் கன்ட்ரோல்-ஜே. தவறுதலாக ஒரு பைனரி கோப்பை கேட் கட்டளையால் திரையில் கொட்டி, எழுத்துகள் எல்லாம் கோடுகளும் மூலைகளுமாக மாறிய திரையும் ரீசெட்டுக்குக் கட்டுப்படும். 14 என்ற எண்ணுடைய ஒரே ஒரு பைட், எழுத்துக் குழுவையே மாற்றிவிடுவதால் நேர்வது அது.

முழுத் திரையையும் அவ்வப்போது புதுப்பிக்கும் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளில் கண்ணைக் கூசவைக்கும் சிமிட்டல் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு சுற்றிலும் 'கிளியர்' கட்டளையை இயக்குவதுதான். திரை ஒரு கணம் காலியாகி, பிறகு வரி வரியாக நிறைகிறது. அழிக்காமல் மேலெழுதுவதே சரி. கர்சரை 'ஹோம்' நிலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'இஎல்' சேர்த்து, கடைசி வரிக்குப் பின் கீழே எஞ்சியதை அழிக்கும் 'இடி' ஒன்றை மட்டும் அனுப்பினால் மாறிய எழுத்துகள் மட்டுமே மாறியதாகத் தோன்றும். அந்த முழுச் சட்டகத்தையும் முதலில் ஒரு மாறியில் சேர்த்து, ஒரே பிரிண்ட்எஃப்பில் வெளியிட்டால் இன்னும் அமைதியாக இருக்கும்.

திரையின் அளவைத் தெரிந்துகொள்ள 'டீபுட் கோல்ஸ்', 'டீபுட் லைன்ஸ்' இருக்கின்றன. பாஷின் கோலம்ஸ், லைன்ஸ் மாறிகள் ஊடாடும் ஷெல்லில் தெரிவதால் ஸ்கிரிப்டிலும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அவை இயல்பாக எக்ஸ்போர்ட் ஆவதில்லை. டீபுட்டைக் கட்டளைப் பதிலீட்டுக்குள் (அதன் விடையை மாறியில் வாங்கும் முறையில்) இயக்கும்போது அதன் முதல் வெளியீடு பைப்பாக இருக்கும், எனவே அளவை அறிய அது பிழை வெளியீட்டைப் பார்க்கும். அங்கே பிழைகளை மறைக்கிறேன் என்று அதையும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் /dev/null சாதனத்துக்குத் திருப்பினால், பழைய பதிப்புகள் உண்மை அளவு தெரியாமல் 80 என்று சொல்லிவிடும். சாளரம் மாறும்போது வரும் விஞ்ச் சிக்னலை டிராப் செய்து அளவை மறுபடி கேட்கலாம். ஆனால் பாஷ், முன்னணியில் ஓடும் கட்டளை முடிந்த பிறகே டிராப்பை இயக்கும். ஸ்லீப் 60 ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை திரை பழைய அகலத்திலேயே கிடக்கும். ஸ்லீப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு வெயிட் கட்டளையில் காத்திருந்தால், சிக்னல் வந்த உடனே வெயிட் திரும்பிவிடும்.

தமிழில் வெளியிடும் ஸ்கிரிப்டுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அட்டவணையை நேராக நிறுத்த நாம் கையாளும் பிரிண்ட்எஃப்பின் '%-20எஸ்' வடிவம், பாஷில் அகலத்தை பைட்டுகளில் கணக்கிடுகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள். எனவே 20 கட்டம் கேட்டால் ஐந்து இடைவெளிகள் மட்டுமே சேரும், அடுத்த நெடுவரிசை இடப்பக்கம் இழுத்துக்கொள்ளும். மாறியின் நீளத்தைக் கேட்டு நாமே இடைவெளி சேர்க்கலாம் என்றால், பாஷ் ஐந்து என்று சொல்லும். அதுவும் திரையின் கணக்கு அல்ல. புள்ளிக்கு அகலம் பூஜ்யம், இகரக் குறிக்கு ஒரு கட்டம் என்று பல அமைப்புகள் கொள்ளும். வேறு சில டெர்மினல்கள் மெய்யையும் அதன் குறியையும் ஒரே தொகுப்பாக வைத்து வேறு அகலம் தரும். கொம்பு, கால், ஔகாரக் குறி வரும்போது வேறுபாடு இன்னும் கூடும்.

இதற்கு இடைவெளிகளை எண்ணுவதைவிட நல்ல வழி, எண்ணுவதையே விட்டுவிடுவது. பெயரை அச்சிட்ட பின் 'டீபுட் ஹெச்பிஏ 30' என்றால் கர்சர் அதே வரியில் 31-ஆவது கட்டத்துக்குப் போய் நிற்கும், முன்னால் அச்சான சொல் எத்தனை கட்டம் எடுத்திருந்தாலும் சரி. நேரடித் தொடரில் அது '[31ஜி'. சொல்லின் அகலத்தைப் பற்றி ஸ்கிரிப்டுக்கும் டெர்மினலுக்கும் இடையே உடன்பாடே தேவைப்படுவதில்லை. கோப்புக்குப் போகும்போது மட்டும் இதற்குப் பதில் டேப் எழுத்தை வைத்தால் போதும்.

ஆனால் 30 கட்டத்தை மீறும் பெயர் வந்தால் அடுத்த நெடுவரிசை அதன் மேல் எழுதப்பட்டுவிடும். அப்போது அகலம் தெரிந்தே ஆக வேண்டும், அதைச் சொல்லக்கூடியது டெர்மினல் மட்டுமே. '[6என்' என்று அனுப்பினால் அது தன் கர்சர் நிற்கும் இடத்தை, எஸ்கேப்பும் '[12;34ஆர்' என்பதும் போன்ற வடிவில், விசைப்பலகையில் தட்டியது போல உள்ளீட்டின் வழியே திருப்பி அனுப்பும். ரீட் கட்டளையை எக்கோ இல்லாமல், ஆர் எழுத்து வரும் வரை என்று வாசிக்கவைத்து, அரைப்புள்ளியில் பிரித்தால் நெடுவரிசை எண் கையில் கிடைக்கும். அச்சிடும் முன்னும் பின்னும் கேட்டுக் கழித்தால் உண்மை அகலம். பயனர் அந்த நேரத்தில் ஏதாவது தட்டியிருந்தால் அதுவும் விடையோடு கலந்து வரும் என்பதால், எஸ்கேப்புக்கு முன் இருப்பதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பெயரை வெட்டும்போதும், குறிகளுக்கு நடுவே வெட்டினால் உயிர்க்குறி பிரிந்து அடிப்படை எழுத்து மட்டும் நின்று 'மி' என்பது 'ம' ஆகிவிடும். எனவே வெட்டிய இடத்துக்கு அடுத்த குறி இகரமோ புள்ளியோ வேறு துணைக் குறியோ என்று பார்த்து, அப்படியானால் அந்த எழுத்தையே முழுதாக விட்டுவிட வேண்டும். ஸ்கிரிப்டில் இதற்கு மேல் தேவைப்பட்டால், அதாவது அம்புக்குறி விசைகளால் நகரும் பட்டியலும் அடுக்கடுக்கான பெட்டிகளும் வேண்டுமென்றால், நான் விப்டெயிலையோ டயலாகையோ அழைத்துவிடுவேன், அல்லது பைதானின் கர்சஸ் மாட்யூலுக்கு மாறிவிடுவேன்.